கீறல் விழுந்த சமையல் மேடை: மாற்றுவதா, தேய்த்து எடுப்பதா?

சாட்ஸ்வர்த் இல்லம்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு பெரிதாக்கிக் கட்டியபோது, வெளிர் சாம்பல் நிறத்தில் சாலிட் சர்ஃபேஸ் (பிசினும் கனிமத் தூளும் கலந்து செய்த செயற்கைப் பலகை) மேடை போட்டோம். கழுவும் தொட்டியும் அதே பொருளால் ஆனது. மேடையும் தொட்டியும் சேரும் இடம் கண்ணுக்கே தெரியாது. சென்ற வாரம் என் மாமியாரின் இடிகல்லைத் தூக்க முடியாமல், அடியில் துணியும் போடாமல், அடுப்புப் பக்கத்திலிருந்து தொட்டிப் பக்கம் இழுத்துவிட்டேன். ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மூன்று கோடுகள் விழுந்துவிட்டன. இரண்டு கோடுகள் மேலோட்டமானவை. மூன்றாவதன் குறுக்கே நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கி நிற்கிறது.

இதைத் தவிர, மடும்பி என்று நாங்கள் சொல்லும் சேப்பங்கிழங்கின் தோல் சீவும் இடத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கத்தித் தடங்களும், அடுப்போரத்தில் மஞ்சள் கறையும் இருக்கின்றன. பார்க்க வந்த ஒரு கடைக்காரர், இதைச் சரிசெய்ய வழியில்லை, பெயர்த்துவிட்டுக் குவார்ட்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டியோடு சேர்த்து ஒரே கல்லாக நிற்கும் மேடையைப் பெயர்த்தெறிய எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஃபீனிக்ஸ் வாசி

அக்கா, தேய்க்கும் யோசனைக்கு முன்னால், மேடை உண்மையிலேயே சாலிட் சர்ஃபேஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லேமினேட் என்றால் மேலே உள்ள அச்சிட்ட தாள் தேய்ந்து பழுப்பு நிற அடித்தாள் வெளியே வந்துவிடும். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அலமாரிக் கதவைத் திறந்து, தொட்டிக்கு வெட்டிய விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தால் கவலை வேண்டாம்.

சாட்ஸ்வர்த் இல்லம்

பார்த்தேன் தம்பி. மேலே உள்ள சாம்பல் நிறமும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளும் அடிவரை அப்படியே இருக்கின்றன. கையை வைத்தால் கிரானைட் போலச் சில்லென்று இல்லை.

பைன்டவுன் பட்டறை

அம்மா, நான் பைன்டவுனில் ஒரு பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் இதே வகை மேடைகளை வெட்டி, ஒட்டி, வீடுகளில் பொருத்தும் வேலை பார்த்தவன். உங்கள் மேடையை மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பொருளை உண்டாக்கியதே, கீறினால் தேய்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் என்று சொல்லும் அளவுக்கு, தேய்ப்புக்கு இணங்கும் குணம் அதற்கு உண்டு. அதைச் சொல்லாமல் மாற்றச் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் கை தானாகவே சரியாக வேலை செய்யும். இந்தப் பலகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி மூன்றில் இரண்டு பங்கு, பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினியம் ட்ரைஹைட்ரேட் என்னும் கனிமத் தூள். டூபான்ட் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்லோகம் 1967இல் உருவாக்கிய கோரியன்தான் இந்த வகையில் முதலாவது. இப்போது பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. மேலே பூச்சு என்று எதுவும் கிடையாது. பலகை பொதுவாக 12 மி.மீ. தடிமன் இருக்கும், அவ்வளவும் ஒரே பொருள், ஒரே நிறம். உங்கள் கீறல் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழம்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தில் விழும் ஒளி சுற்றியுள்ள பரப்பில் விழும் ஒளியைப் போலத் திரும்பாததால் அது வெண்கோடாகத் தெரிகிறது. ஆகவே நம் வேலை இரண்டு: பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றுப் பரப்பை இறக்குவது ஒன்று, இறக்கிய இடத்தின் பளபளப்பை மற்ற இடத்தின் பளபளப்போடு ஒன்றாக்குவது இன்னொன்று. பெரும்பாலோர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படுவது இரண்டாவதுதான்.

தாள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஹார்ட்வேர் கடை உப்புத்தாளில் பி என்ற எழுத்தோடு எண் இருக்கும். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். எங்கள் தொழிலில் பயன்படுத்தும் பிலிம் தாளில் மைக்ரான் கணக்கு, அதாவது தாளில் உள்ள மணலின் பருமன். அங்கே எண் கூடினால் தாள் முரடாகும். 60 மைக்ரான் தாளும் பி240 தாளும் ஏறக்குறைய ஒன்று. 100 என்று எழுதியிருப்பதைக் கண்டு மென்மையானது என்று எடுத்து வந்து மேடையைச் சிராய்த்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெல்லிய கோடுகளுக்குத் தாளே வேண்டாம். கார் பெயின்ட் விற்கும் கடையில் அரக்கு நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் தேய்ப்புப் பட்டை கிடைக்கும். முதலில் அரக்கு, பிறகு சாம்பல். மேடையை ஈரமாக்கி, சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டே விரிந்து செல்லுங்கள். நகம் தடுக்கும் கோட்டுக்கு மட்டும் பி180 தாளில் தொடங்கி, 240, 320, 400 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் சாம்பல் பட்டையால் முடியுங்கள். உங்கள் மேடை வெளிர் நிறம் என்பதால் இது போதும். கருநிற மேடை என்றால் 600, 800 வரை போகாமல் தீராது, ஏனென்றால் இருண்ட பரப்பு எந்தச் சுழலையும் மறைத்துக்கொடுப்பதில்லை.

தேய்க்க ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் என்னும் வட்டத் தேய்ப்பு இயந்திரம் நல்லது. அதன் எடையே போதும்; மேலே அழுத்தக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை, முன் சென்ற தடத்தில் பாதியை மூடிக்கொண்டு செல்லுங்கள். தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் மேடையையும் இயந்திரத்தின் அடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். 180 தாளின் ஒரே ஒரு மணல் மிஞ்சினாலும், 400 போடும்போது அது வால் நட்சத்திரம் போல ஒரு சுழல் கோட்டைப் போட்டுவிடும். சுவரோரத்திலும் தொட்டிக்குள்ளும் கையாலேயே தேய்க்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று: தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியின் உட்பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பின்னால் பழுதுபார்க்க உதவட்டும் என்று, நல்ல வேலைக்காரர்கள் மேடைப் பலகையில் வெட்டிய துண்டில் ஒன்றை அங்கே ஒட்டிவிட்டுப் போவது வழக்கம்.

டோங்காட் ராணி

அக்கா, ஐயா சொல்வதை எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். நான் கேட்க ஆளில்லாமல் பட்டவள். எங்கள் மேடையில் விழுந்த ஒரு சின்னக் கோட்டை, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்தேன். கோடு போய்விட்டது. ஆனால் மாலையில் விளக்குப் போட்டதும் அந்த இடம் மட்டும் குழி விழுந்த தட்டுப் போலத் தெரிந்தது. துடைத்தால் தண்ணீரும் அங்கேயே தேங்கியது. சுற்றிலும் மங்கல், அது மட்டும் மினுமினுப்பு. இரண்டு ஆண்டுகளாக அதன் மேல் பழக்கூடையை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பைன்டவுன் பட்டறை

தங்கச்சி, அதைச் சரிசெய்யலாம். கூடையை எடுத்துவிடுங்கள். குழியைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்குப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுங்கள். பி240 தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, அந்தப் பரப்பு முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்து வாருங்கள். மேடான இடங்களில் பென்சில் முதலில் அழியும்; குழியில் கடைசிவரை நிற்கும். எல்லாக் கோடும் ஒன்றுபோல் அழியும்போது பரப்பு சமமாகிவிட்டது என்று பொருள். பிறகு மேலே சொன்ன வரிசையில் ஏறி, சாம்பல் பட்டையை அந்த இடத்தோடு நிறுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுங்கள்.

வெருலம் கைவினை

இவ்வளவு சிரமம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. என் தாயார் மேடையில் கீறல் விழுந்தால் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, துணியால் அழுத்தித் துடைப்பார்கள். கோடு மறைந்துவிடும். கடைகளில் விற்கும் மெழுகுப் பாலிஷும் அதே வேலையைச் செய்கிறது. மின் இயந்திரத்தைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுப்பதைவிட இது பாதுகாப்பானது அல்லவா?

பைன்டவுன் பட்டறை

உங்கள் கவலை நியாயமானது. பழக்கமில்லாதவர் முதலில் கையாலேயே தொடங்கட்டும். ஆனால் எண்ணெய் விஷயத்தில் நான் உடன்பட முடியாது. மரப்பலகை எண்ணெயைக் குடிக்கும். இந்தப் பலகையில் நுண்துளை இல்லாததால் எண்ணெய் உள்ளே இறங்காமல் கீறலின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஈரமான கல் கருமையாகத் தெரிவது போல, எண்ணெய் இருக்கும்வரை கோடு மங்கித் தெரியும். இரண்டு நாளில் மாவும் தூசியும் அதில் ஒட்டி, வெண்கோடாக இருந்தது அழுக்குக் கோடாகிவிடும். மெழுகின் கதையும் அதுதான். கருநிற மேடையில் விருந்தினர் வரும் நாளுக்கு மட்டும் பாலிஷ் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் பழுதுபார்ப்பு என்று கருத வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

மஞ்சள் கறையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே தாளித்த எண்ணெயோடு சிந்திய மஞ்சளைத் தண்ணீரால் துடைத்தால் அது இடம் மாறுமே தவிரப் போகாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுக்க வேண்டும். காரத்தன்மை உள்ள சோப்பு பட்டவுடன் மஞ்சள் செந்நிறமாக மாறினால் பயந்துவிடாதீர்கள்; ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது போலத்தான் இதுவும்.

மீதமுள்ள சாயலுக்கு, ப்ளீச்சில் தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்துவிட்டு, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். குர்குமின் வெயிலுக்கும் நிற்காது. ஜன்னலோர மேடையில் திரையை விலக்கி வைத்தாலே சில நாட்களில் வெளிறிவிடும். ப்ளீச்சை வினிகரோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். சிறிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. தொட்டியில் படியும் வெள்ளை உப்புப் படிவத்துக்கு வினிகர் நல்லதுதான். ஆனால் அதை வேறொரு நாளில் செய்யுங்கள்.

சாட்ஸ்வர்த் இல்லம்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். அலமாரிகளையும் அடுப்பையும் பழைய படுக்கை விரிப்புகளால் மூடிவிட்டு, என் கணவர் நண்பரிடமிருந்து வாங்கி வந்த இயந்திரத்தை, முதலில் மேடையின் மூலையில், ரொட்டிப் பெட்டி இருக்கும் இடத்தில் ஓட்டிப் பழகினோம். விரலில் திருநீறு போல மென்மையான வெண்தூள் ஒட்டியது. நிறம் மாறவில்லை என்று கண்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

மெல்லிய இரண்டு கோடுகளும் அரக்கு நிறப் பட்டையிலேயே போய்விட்டன. மடும்பி சீவும் இடத்தின் கத்தித் தடங்கள் 240இல் மறைந்தன. மூன்றாவது கோட்டுக்கு 180 போட்டு, நகம் தடுக்காத அளவு வந்ததும் 240, 320 என்று ஏறினோம். ஈரத்துணியால் துடைத்து மேலிருந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. ஆனால் டார்ச்சை மேடையோடு படுக்க வைத்து அடித்தபோது, ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு இன்னும் தெரிகிறது. 320 தாளாலேயே இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தால் போய்விடுமா ஐயா?

பைன்டவுன் பட்டறை

போகாது அம்மா. அந்த இடத்திலேயே நின்று தேய்த்தால் டோங்காட் தங்கச்சியின் குழிதான் உங்களுக்கும் வரும். மனதைத் தேற்றிக்கொண்டு 180க்கே திரும்புங்கள். அந்த விரல் நீளத்தைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குப் பென்சில் கோடு போட்டு, கோடு முழுவதும் அழியும் வரை தேய்த்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே 240ஐத் தொடுங்கள். முன்தாளின் குறையைப் பின்தாள் சரிசெய்யும் என்று நம்பித்தான் பட்டறைக்கு வரும் புதுப்பையன்கள் அரைநாளை வீணாக்குவார்கள்.

அம்ஸிண்டோ தம்பி

எங்கள் வீட்டில் குவார்ட்ஸ் மேடை. இதே முறையில் அதையும் தேய்க்கலாமா?

பைன்டவுன் பட்டறை

வேண்டவே வேண்டாம் தம்பி. குவார்ட்ஸ் மேடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் கல், பிசின் கொஞ்சம்தான். உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்புப் போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். திரும்ப ஏற்றுவது பட்டறை வேலை. அதைவிட முக்கியம், அந்தத் தூளில் உள்ள சிலிக்கா. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வரும். இந்தக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் அந்த நோய்க்கு ஆளானதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடை செய்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸ் வாசி

ஐயா, என் சந்தேகம் ஒன்று. 2023இல் மின்வெட்டு மிகுந்திருந்த நாட்களில் மேசை கேஸ் அடுப்பை மேடை மேலேயே வைத்துச் சமைத்தோம். பெரிய பிரியாணிச் சட்டி வைத்த ஒரு நாளுக்குப் பிறகு, ஒரு சாண் நீளத்துக்கு மயிர்வெடிப்பு விழுந்திருக்கிறது. தேய்த்தால் போகுமா?

பைன்டவுன் பட்டறை

வெடிப்பு வேறு, கீறல் வேறு. அக்ரிலிக் நூறு டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். அடுப்பைவிட அகலமான சட்டி வைத்தால், அதன் அடியிலிருந்து வெப்பம் நேராக மேடைக்குத் திரும்பும். அந்த இடம் மட்டும் விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. ஆறும்போது எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும். தேய்த்தால் மேலே மறைந்தது போல இருக்கும், அடுத்த வெப்பத்தில் திரும்ப வரும். வெடித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே நிறத் துண்டைப் பொருத்தி, இருபகுதி அக்ரிலிக் பசையால் ஒட்டி, அடியில் ஒரு தாங்கு பட்டை கொடுத்துத் தேய்க்க வேண்டும். அது பழகிய கைக்குரிய வேலை. அதுவரை அங்கே சூடான எதையும் வைக்காதீர்கள். கடையில் விற்கும் எபாக்சிப் பசையை ஊற்றி நிரப்பவும் வேண்டாம். அது நாளடைவில் மஞ்சளாகும், பிறகு எங்களுக்கு அதைச் சுரண்டவே நேரம் போகும். அலமாரியின் மேல்விளிம்பையும் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியின் சிப்போர்டு (மரத்தூள் பலகை) ஊறி உப்பினால் மேடை ஓரிடத்தில் தூக்கியும் ஓரிடத்தில் தொங்கியும் நிற்கும். வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

சாதம் வடித்த கொதி கஞ்சியைத் தொட்டியில் ஊற்றும்போதும், குளிர்ந்த நீர்க்குழாயைத் திறந்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சாட்ஸ்வர்த் இல்லம்

நேற்று மாலை வேலை முடிந்தது. ஐயா சொன்னபடி 180க்குத் திரும்பினேன். பென்சில் கோடுகள் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் அழியாமல் நின்றன. எனக்குத் தெரியாமலே அங்கே ஒரு மெல்லிய குழி இருந்திருக்கிறது. அது சமமாகும் வரை பொறுமையாகத் தேய்த்து, 400 வரை ஏறி, கடைசியில் சாம்பல் பட்டையை மேடை முழுவதும், தொட்டியின் உள்விளிம்பு வரை ஓட்டினேன். டார்ச் அடித்தேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பவும் அடித்தேன். கோடு இல்லை. மஞ்சள் கறைக்கு ஆசிரியை அம்மா சொன்னபடி முதலில் சோப்புப் போட்டேன். சிவந்ததும் என் மகள் கத்திவிட்டாள். ப்ளீச்சுக்குப் பிறகு ஒரு நிழல் அளவு மீதமிருந்தது. தேய்ப்பில் அதுவும் போய்விட்டது.

துடைத்த பிறகு தண்ணீர் தானாகக் காய்ந்தால் திட்டுத் திட்டாக மங்கல் படிகிறது என்பதையும் கவனித்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். இடிகல்லின் அடியில் கனத்த கம்பளித் துணியை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டேன். மாமியார் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காமாட்சி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனார்கள்; கீறிய நாளிலிருந்து அவர்கள் இடிகல்லைத் தொடவே இல்லை, இன்று காலை இஞ்சி பூண்டு இடித்தார்கள்.

ஐயா, நீங்கள் சொன்ன துண்டும் கிடைத்தது. தொட்டிக்கு அடியில், குழாய்க்குப் பின்னால், அலமாரியின் பின்சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஏறக்குறைய ஒரு தட்டு அளவு இருக்கிறது. அதை எடுத்துப் பத்திரமாக வேறு இடத்தில் வைக்கட்டுமா?

பைன்டவுன் பட்டறை

எடுக்காதீர்கள் அம்மா. வேறு இடத்தில் வைத்தால், வேண்டும்போது கிடைக்காது. நிறத்தின் பெயரும் மேடை போட்ட ஆண்டும் தெரிந்தால், ஒரு சீட்டில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.